கறுப்பை எங்கே வைப்பது? எச்பி5 பிளஸும் டர்பன் வெயிலும்

இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: தாராளமாக வாங்குங்கள், ஆனால் படத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பல வருடங்களாக என் பழைய நிக்கானில் இதைத்தான் போடுகிறேன். அம்கேனி சாலைக் கோயிலில் தைப்பூசக் காவடி, சாட்ஸ்வொர்த்தில் உறவினர் வீட்டுச் சமையலறை, கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்கள், மழை நாளில் மார்க்கெட், எல்லாம் இதில்தான். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் கொடுத்தாலும் பொறுத்துக்கொள்ளும் ஃபிலிம் இது. அந்தப் பொறுமைதான் இதன் பலம். சோம்பேறிக் கைக்கு அதுவே கெடுதல்.

விவரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் செஷயரிலுள்ள மொபர்லி என்ற ஊரில் ஹார்மன் டெக்னாலஜி நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. எச்பி வரிசை 1930களில் தொடங்கியது. எச்பி5 வந்தது 1976இல், இப்போது கிடைக்கும் பிளஸ் 1989இலிருந்து. வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஐஎஸ்ஓ 400. 35 மி.மீ. ரோல், 120 ரோல், பெரிய காமிராவுக்கான தாள் ஃபிலிம் என்று மூன்று வடிவிலும் உண்டு. 3200 வரை தள்ளி எடுப்பதற்கும், அதாவது வேகம் கூடிய ஃபிலிமாகப் பாவித்து எடுத்து அதிக நேரம் டெவலப் செய்வதற்கும், தயாரிப்பாளரே டெவலப் நேர அட்டவணை தருகிறார். இவ்வளவு போதும். மற்றதெல்லாம் டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது.

எங்கள் கோயில் கமிட்டியில் ஒரு மாமா இருக்கிறார். காவடிப் படங்களை நான் கறுப்பு வெள்ளையில் நீட்டும் ஒவ்வொரு முறையும், "சாமி காரியத்துக்குக் கருமாதிப் படம் எதற்கம்மா?" என்பார். அவர் வீட்டுச் சுவரில் மாலை போட்டு, கண்ணாடிமேல் பொட்டு வைத்து மாட்டியிருக்கிற தாத்தாக்கள் எல்லாரும் கறுப்பு வெள்ளையில்தான் இருக்கிறார்கள். அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. காவடி முழுக்க முழுக்க நிறத்தால் ஆன விழா. மஞ்சள் புடவை, சிவப்பு வேட்டி, மயிற்பீலி, முதுகில் கொக்கியில் தொங்கும் பச்சை எலுமிச்சை, செண்டுமல்லி மாலை. இவற்றிலிருந்து நிறத்தை உருவிவிட்டால் என்ன மிஞ்சும்?

எது எதைவிட வெளுப்பு, எது எதைவிடக் கறுப்பு என்ற உறவு மட்டுமே மிஞ்சும். அந்த உறவைப் பார்க்கக் கண் பழகும்வரை எந்த ஃபிலிமும் உதவாது. எச்பி5 பிளஸ் எல்லா நிறத்தையும் பார்க்கிற பேன்க்ரோமேட்டிக் ஃபிலிம்; நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் அதற்குத் தெரியும். ஆனால் பார்த்ததையெல்லாம் சாம்பலாகத்தான் எழுதிவைக்கும். மஞ்சள் புடவை ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். சிவப்பு வேட்டியும் பச்சை வாழையிலையும் கண்ணுக்கு எதிரும் புதிருமாக இருந்தாலும் நெகட்டிவில் ஒரே சாம்பல். எது துணி எது இலை என்று உருவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மயிற்பீலியின் மினுக்கம் போய்விடும். அதன் கண் மட்டும் கறுப்புப் புள்ளியாக நிற்கும், நூறு பீலிக்கு நூறு புள்ளி. அது நிறத்தில் பார்த்தபோது கவனிக்காத அழகு.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது நெற்றி. கறுத்த நெற்றியில் குங்குமம் வைத்தால் நேரில் தீயாகத் தெரிகிறது. ஃபிலிமில் குங்குமத்தின் சாம்பலும் தோலின் சாம்பலும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதால் பொட்டு கரைந்து போகிறது. பக்கத்திலேயே விபூதிப் பட்டை பளிச்சென்று எழுந்து நிற்கிறது. நிறத்தில் குங்குமம் ராஜா, கறுப்பு வெள்ளையில் விபூதி ராஜா. இது தெரிந்த பிறகு நான் ஆளைப் பார்ப்பதில்லை, நெற்றியைப் பார்த்து நிற்கும் இடத்தை முடிவு செய்கிறேன்.

பொட்டு வேண்டுமென்றால் வழி இருக்கிறது. லென்ஸின் முன் பச்சை ஃபில்டர் போட்டால் அது சிவப்பைத் தடுக்கும். பொட்டு கறுத்துத் தெரியும், முகமும் ஒரு படி கறுக்கும். சிவப்பு ஃபில்டர் போட்டால் நேர்மாறு: பொட்டு வெளுத்து மறைந்தே போகும், நீல வானம் மட்டும் இடி விழப்போகிற மாதிரி இருண்டுவிடும், போதாததற்கு ஏறக்குறைய மூன்று ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). இங்கே பலர் சிவப்பு ஃபில்டர் வானத்தின் மேல் காதல் கொண்டிருக்கிறார்கள். கோபுரத்தின் பின்னால் கரிய வானம் ஒரு தடவைக்கு நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் அதே வானம் வந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. என் காமிராவில் நிரந்தரமாக இருப்பது மஞ்சள் ஃபில்டர். ஒரு ஸ்டாப்தான் நஷ்டம், மேகம் வானத்திலிருந்து பிரிந்து தெரியும், செண்டுமல்லி மாலை கூட வெளிச்சம் வாங்கும்.

பழைய படங்களில் இந்த விஷயம் அப்பட்டமாகத் தெரியும். உங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டி காலத்து ஸ்டுடியோப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பொட்டு கரித்துண்டு மாதிரியும், முகம் அவர் இருந்ததைவிடக் கறுப்பாகவும் இருந்தால், எடுத்த தகட்டுக்குச் சிவப்பு தெரியாது என்று அர்த்தம். அந்தக் கால ஆர்த்தோக்ரோமேட்டிக் தகடுகள் நீலத்தையும் பச்சையையும் மட்டும் வாங்கின. நம் தோலில் சிவப்பும் பழுப்பும் அதிகம், ஆகவே நம்மவர்கள்தான் அதிகம் கறுத்தார்கள். "அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் என்ன கறுப்பு" என்று எங்கள் ஆயா சொல்வார். அதில் பாதிக் கறுப்பு தகட்டினுடையது.

முகம் என்று வந்துவிட்டதால் மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் காமிரா மீட்டருக்கு எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைப் புடவையைக் காட்டினால் சாம்பல் புடவை. கறுத்த முகத்தைக் காட்டினால் சாம்பல் முகம். அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த மண்டல முறை இதைத் தீர்க்கத்தான் வந்தது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, நடுச்சாம்பல் 5 என்று பதினொரு படி. எந்தப் பொருள் எந்தப் படியில் உட்கார வேண்டும் என்று எடுப்பவரே தீர்மானித்து, மீட்டர் சொல்வதைக் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும். ஆடம்ஸின் அட்டவணையில் வெயிலில் நிற்கும் வெள்ளையரின் தோல் ஆறாம் படி, கறுத்த தோல் ஐந்தாம் படி. எங்கள் ஆயாவை ஐந்தில் வைத்தால் அது ஆயா இல்லை, ஆயாவின் வெளுத்த தங்கை. நான் நான்கில் வைக்கிறேன். அதாவது முகத்தை அளந்து, மீட்டர் சொன்னதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்துக் கொடுக்கிறேன். அப்போது கன்னத்துச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கின்றன, புடவை வெளுப்பாகவே இருக்கிறது, அதன் மடிப்பும் தெரிகிறது. எச்பி5 பிளஸுக்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கிற இடம் இது. நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நடுவில் இந்த ஃபிலிம் காட்டுகிற நுணுக்கத்தை என் கைபேசி எந்த விதத்திலும் காட்டவில்லை. கைபேசியின் கறுப்பு வெள்ளை, முகத்தை வழித்துப் பூசிவிட்டு நான்கு மூலையையும் இருட்டாக்கி, பார் கலை என்கிறது.

புகைப்பட நூல்களில் படிக்கிற இன்னொன்றை இங்கே தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். உருவப்படத்துக்கு வடக்கு ஜன்னல்தான் நல்லது, அதில் நேர் வெயில் வராது என்று எழுதியிருப்பார்கள். அது பூமியின் மேல் பாதிக்கு எழுதியது. டர்பனில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் வானத்தைக் கடக்கிறது. மெல்லிய வெளிச்சம் வேண்டுமானால் தெற்கு ஜன்னலைத் தேட வேண்டும். தைப்பூசம் வருவதோ இங்கே உச்சக் கோடை. நண்பகலில் சூரியன் தலைக்குமேல் வந்துவிடும்; கண் இருக்கும் இடம் இரண்டு குழியாகவும் மூக்கு நுனி ஒரு வெள்ளைப் புள்ளியாகவும் ஆகிவிடும். அந்த வெயிலில் 400 வேகத்துக்கு எஃப்16 என்ற சிறிய லென்ஸ் திறப்பில் ஐந்நூறில் ஒரு நொடி போதும், மீட்டரே வேண்டாம். ஆனால் கண் குழி கண் குழியாகவே இருக்கும். நான் ஃபிலிமை 200 என்று பாவித்து ஒரு ஸ்டாப் கூடக் கொடுத்து, டெவலப் நேரத்தைக் குறைத்துவிடுகிறேன். நிழலுக்குள் விவரம் ஏறுகிறது, நெற்றி விபூதியும் வெந்து போவதில்லை. வேறு சில ஃபிலிம்களில் இப்படிச் செய்தால் வெளுப்பு கட்டிக்கொண்டு பிரிண்டில் வராது. இது தாங்குகிறது.

இனி அமைப்பு. சட்டகத்துக்குள் எதை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தவுடன் மூன்றில் ஒரு பங்குக் கோடு வரைந்து காட்டுகிறவர்கள் உண்டு. நிறப்படத்துக்கு அது ஓரளவு ஒத்துவரலாம். கறுப்பு வெள்ளையில் நான் முதலில் தேடுவது படத்தின் மிகக் கறுத்த இடம் எங்கே என்று. கண்களைச் சுருக்கிப் பார்த்தால் விவரங்கள் போய்விடும், நான்கைந்து கட்டிகள் மட்டும் தெரியும்: இரண்டு கறுப்பு, ஒரு வெள்ளை, மீதி சாம்பல். அந்தக் கட்டிகள் ஒன்றோடொன்று பேசினால் படம் இருக்கிறது. வெறும் சாம்பலாகக் கலந்து கிடந்தால், முகத்தில் எவ்வளவு பக்தி இருந்தாலும் படம் இல்லை.

என்னிடம் இருப்பதில் எனக்குப் பிடித்தது ஒன்று. தேர் இழுக்கிறவர் ஒருவரின் முதுகு, கொக்கிகளிலிருந்து பின்னோக்கி விறைத்துப் போகும் கயிறுகள். முதுகு கறுப்பு, கயிறு வெள்ளை. பின்னால் கூட்டம் முழுவதும் ஒரே இடைச்சாம்பல், ஒரு முகம்கூடத் தெளிவில்லை. ஓரத்தில் உடைத்த தேங்காய் மூடி ஒன்று, படத்திலேயே மிக வெளுத்த பொருள். அந்தத் தேங்காய் மூடி இல்லாவிட்டால் கயிறுகள் எங்கோ வெளியே ஓடிப்போயிருக்கும். அது கண்ணைத் திருப்பி முதுகுக்கே அனுப்புகிறது. அதே இடத்தில் நிறத்தில் எடுத்த படமும் இருக்கிறது. அதில் ஒருவருடைய ஆரஞ்சு நிற டிசர்ட்டைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

இந்த நாட்டில் கறுப்பு வெள்ளையைக் கற்றுக்கொள்ள வெளியே போக வேண்டியதில்லை. டர்பன் அருகே இசிப்பிங்கோவில் 1925இல் பிறந்த ரஞ்சித் காலி, செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே படம் பிடிக்கப் பழகி, டிரம் பத்திரிகைக்கு டர்பனை எடுத்துக் கொடுத்தவர். தலைவர்கள், பாடகர்கள், கரும்புத் தோட்டத்தவர்கள் என்று அவர் எடுத்தவர்களின் முகங்களைப் பார்த்தால் நான் மேலே சொன்ன நான்காம் படி விளங்கும். நம்மவர் முகத்தை வெளுக்காமல் விட்ட கை அது. புகைப்படக்காரர் உமர் பாட்ஷா டர்பனின் கிரே தெருவை, இப்போதைய டாக்டர் யூசுஃப் தாது தெருவை, உள்ளிருந்து எடுத்தார். இன்னொரு புகைப்படக்காரர் டேவிட் கோல்ட்பிளாட் இனவொதுக்கல் காலம் முழுவதும் தன் சொந்த வேலையைக் கறுப்பு வெள்ளையிலேயே செய்தார். அந்தக் காலத்தின் கோபத்துக்கும் அச்சத்துக்கும் நிறம் மிக இனிப்பாக இருந்தது என்ற பொருளில் பின்னாளில் சொன்னார். 1990களுக்குப் பிறகு நிறத்துக்கும் வந்தார். அவர் படங்களில் வேலி, மாதாகோயில் சுவர், வீட்டு வாசல் என்று கட்டடங்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மனிதரே இல்லாத படத்திலும் யாருக்கு எங்கே நிற்க அனுமதி என்பது தெரியும். அதை அமைப்பு என்று சொல்லலாம். கோடு வரைந்து காட்டுவதை அல்ல.

ஃபிலிமுக்கே திரும்புகிறேன். குறை இல்லாமல் இல்லை. பெட்டியில் சொன்னபடி எடுத்து, சொன்னபடி டெவலப் செய்தால் வருகிற நெகட்டிவ் மந்தமாக இருக்கும். எல்லா விவரமும் இருக்கும், எதிலும் அழுத்தம் இருக்காது. நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் வாங்கினேன். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, காவடி முழுக்க மழை நாள் மாதிரி வந்தது. முழுக் காசும் வாங்கிக்கொண்டு, "ஃபிலிமே இப்படித்தான்" என்றார்கள். ஃபிலிம் இப்படித்தான் என்பது உண்மை. ஆனால் அது பாதி வேலை. மீதி பிரிண்ட் போடுகிறவருடையது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க விடும் மல்டிகிரேடு பிரிண்ட் தாளுக்கு 00 முதல் 5 வரை ஃபில்டர்கள் இருப்பது எதற்கு? என் எச்பி5 நெகட்டிவ்கள் பெரும்பாலும் மூன்று அல்லது மூன்றரையில்தான் உயிர் பெறுகின்றன. ஸ்கேன் செய்கிறவர்கள் கறுப்புப் புள்ளியையும் வெள்ளைப் புள்ளியையும் தாங்களே இழுத்து வைக்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், அல்லது மந்தமான ஸ்கேனை வாங்கி வீட்டில் நீங்களே திருத்துங்கள்.

டெவலப் செய்வதை வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஐடி-11 டெவலப்பரை நீர் சேர்க்காமல் பயன்படுத்தினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சம அளவு நீர் சேர்த்தால் 13 நிமிடம். டர்பன் கோடையில் குழாய்த் தண்ணீர் 20 டிகிரியில் வராது. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் நேரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும், ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக வரும் அபாயம் உண்டு. ஆகவே ஐஸ் கட்டி போட்ட வாளிக்குள் பாட்டிலை நிறுத்திக் குளிரவைக்கிறேன், அல்லது நீர் சேர்த்து நேரத்தை நீட்டிக்கொள்கிறேன். லோட்ஷெடிங் என்ற முறை மின்வெட்டு இருந்த நாட்களில் ஒரு சௌகரியம்: டாங்கில் ஃபிலிம் கழுவ மின்சாரம் வேண்டாம், ரோலை ஏற்ற இருட்டைத் தேடி அலையவும் வேண்டாம். ஆனால் பிரிண்ட் போடும் எந்திரம் நின்றுவிடும், அதோடு மின்விசிறியும். ஃபிரிட்ஜில் வைத்த ரோலை அறைச் சூட்டுக்கு வருவதற்குள் திறக்காதீர்கள்; இந்த ஊர் ஈரக் காற்றில் உடனே வியர்த்துவிடும்.

மண்டபத்து உள்ளே 1600இல் தள்ளி எடுத்தால் மணல் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) கூடுகிறது. எனக்கு அது பிடிக்கும். கற்பூர வெளிச்சத்துக்கு மணல் பொருந்துகிறது. ஆனால் தள்ளுவதால் நிழலுக்குள் புதிதாக விவரம் வருவதில்லை, வெளுப்பும் இடைச்சாம்பலும் மட்டுமே ஏறுகின்றன என்பதை நினைவில் வையுங்கள். இருட்டில் இருக்கிற கிழவியின் முகம் இருட்டிலேயே இருக்கும். அதை முகம் என்று நம்பி எடுக்காமல் கறுப்புக் கட்டி என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றம் இல்லை.

விலை வலிக்கிறது. ஒரு ரோல் வாங்குகிற காசில் இரண்டு பேர் மட்டன் பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) சாப்பிட்டுவிட்டு வரலாம். இதற்குப் பதிலாக அதே நிறுவனத்தின் கென்ட்மியர் 400 மலிவு. பழகுவதற்குப் போதும், ஆனால் இதைப் போல இழுத்த இழுப்புக்கு வராது. கோடாக்கின் டிரை-எக்ஸ் அழுத்தமான கறுப்பைத் தானே கொடுத்துவிடும். தெருப் படம் எடுத்துவிட்டுக் கையோடு பிரிண்ட் பார்க்க நினைப்பவர்களுக்கு அதுவே சரி. நல்ல வெளிச்சத்தில் நிதானமாக எடுக்கிறவர்கள் 125 வேகமுள்ள எஃப்பி4 பிளஸைப் பாருங்கள், மணல் இன்னும் மென்மை. வீட்டில் கழுவ வசதியில்லாதவர்கள் இல்ஃபோர்டின் எக்ஸ்பி2 சூப்பர் வாங்கலாம். அது கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் சி-41 என்ற நிற ஃபிலிம் ரசாயனத்தில் கழுவுவது, நிற ரோல் கழுவுகிற கடை எதுவும் ஏற்றுக்கொள்ளும்.

கமிட்டி மாமா இந்த வருடமும் மண்டபச் சுவருக்கு நிறப்படம்தான் கேட்டிருக்கிறார். நிறத்தில் எடுத்துக் கொடுக்கிறேன். தேர் இழுப்பவரின் முதுகை மட்டும் பெரிதாகப் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார், மாலை போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு.